துளை

லிபர்ட்டி பிளாசா மேல்மாடியில் ஒரு போன் கடை.
குடையை வாசலில் விடச் சொன்ன பொடியன்
ஒரே மாதிரி இரண்டு போன்களைக்
கண்ணாடிமேல் எடுத்து வைத்தான்.

"இது பதினெட்டாயிரம் குறைவு, மிஸ்.
அமெரிக்காவுக்கெண்டு செய்த செட்.
சிம் போடத் தட்டே இல்லை, முழுக்க இ-சிம்."
விலாவைத் திருப்பிக் காட்டினான்.
வழுவழுவென்று
காது குத்தாத பிள்ளைபோல இருந்தது.

மற்றதில் ஒரு துளை.
எறும்பு தலையை நுழைக்கலாம்,
உடம்பு போகாது.

பதினெட்டாயிரம் என்பது
மகனின் கணித வகுப்பு, மூன்று மாதம்.
தொடர்மாடித் தண்ணீர் மோட்டருக்கு
நான் இன்னும் கொடுக்காத பங்கும் அதற்குள் அடங்கும்.
துளையில்லாததைக் கையில் எடுத்தேன்.

"அஞ்சு நிமிஷ வேலை.
கம்பனிக் கவுண்டரில ஐடென்டிட்டி கார்டைக் காட்டினா
கியூஆர் ஒண்டு தருவினம், ஸ்கேன் பண்ணினாச் சரி.
சிம் உங்கட பேரிலதானே?"

இல்லை.
இல்லை என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

இரண்டாயிரத்து எட்டு.
பம்பலப்பிட்டியில் ஒரு போர்டிங் அறை, நான்கு கட்டில்.
என் அடையாள அட்டையில்
பிறந்த இடம் கிளிநொச்சி.
கடைக்காரர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஸ்டொக் முடிந்தது என்றார்.
அவருக்குப் பின்னால் சிம் அட்டைகள்
சீட்டாட்டம்போல விரிந்து தொங்கின.

அன்றிரவு பக்கத்துக் கட்டில் தில்ருக்‌ஷி
தலை துவட்டியபடி
ஒரு சிம்மை என் தலையணையில் போட்டாள்.
"மகே நமின்," என்றாள்.
என் பெயரில்.
அதற்குப் பிறகு நாங்கள் ஷாம்பு விலை பற்றிக் கதைத்தோம்.

யாருடைய போன் என்று
டோர்ச் வெளிச்சம் கேட்ட இரவுகளில்
பயந்தது நான்தான்.
மாட்டியிருக்கக்கூடியவள் அவள்
என்பது மிகப் பிந்தித்தான் உறைத்தது.

அடுத்த ஆண்டு மே மாதம் தெருவெல்லாம் கிரிபத்.
அவள் எனக்கு எதுவும் கொண்டுவரவில்லை.
வெடிச்சத்தம் கேட்காதபடி
யன்னலை மட்டும் மெல்லச் சாத்தினாள்.
நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன்.
அவளின் கலியாணத்துக்குப் போகவில்லை,
ஏனென்று கேட்டால்
இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

சிம் சிறுத்துக்கொண்டே வந்தது.
ஒருதரம் கத்தரிக்கோல், ஒருதரம் கட்டர்.
ஓரமெல்லாம் போய்ச்
செம்புப் பொட்டு மட்டும் மிஞ்சியது.
நான்கு போன் மாறினேன்.
நீ யார் என்று ஒன்றுமே கேட்கவில்லை.
துண்டு அட்டை,
கிடைத்த வயிற்றில் படுத்துக்கொண்டது.

இப்போது கவுண்டரில் அவள் வரவேண்டும்.
குருநாகல் என்று கேள்வி,
மெல்போர்ன் என்றும் கேள்வி.

"புது நம்பர் எடுங்களன், மிஸ்.
உங்கட பேரிலயே. லேசு."

லேசுதான்.
வங்கி, பள்ளிக்கூடம், மருந்துக்கடை,
கனடாவில் தம்பி:
எல்லாருக்கும் ஒரு மெசேஜ்.
விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன்,
பதின்மூன்று பேருக்குமேல் போகவில்லை.

துளையுள்ளதைக் கேட்டேன்.
பொடியன் என் முகத்தைப் பார்த்துக்
கல்குலேட்டரில் இன்னும் ஆயிரத்தைக் குறைத்தான்.

பழைய போனில் தட்டைத் திறக்க
ஊசியைத் தேடினான்.
லாச்சி, பழைய பெட்டி, தரை, எங்கும் இல்லை.
நான் இடது தோட்டின் சுரையைக் கழற்றிக்
காம்பை நீட்டினேன்.
க்ளிக்.
நாக்கை நீட்டியது தட்டு.

"பில் யார் பேருக்கு?"
யசோதினி, என்றேன்.
அவன் தவறாக எழுதினான்.
திருத்தச் சொல்லி
ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.

நூறாம் நம்பர் பஸ்ஸில்
கம்பியைப் பிடித்தபடி நிற்கையில்
புதுப்போன் கேட்டது:
சிம்மில் பதினொரு பெயர்கள் உள்ளன. இறக்கவா?
ஆம் என்று தொட்டேன்.
எந்தக் காலத்தில் சேமித்ததோ,
மூன்றாவதாக 'தில்ரு ரூம்'.
பழைய இலக்கம், இருக்காது.
எடுத்தாலும்
உன் பெயரிலிருந்து பேசுகிறேன் என்று
எப்படித் தொடங்குவது?

வெள்ளவத்தைச் சந்தையடியில் இறங்கியபோதுதான்
ஒரு காது வெறுங்காதாக இருப்பது தெரிந்தது.
தோடு கடைக் கண்ணாடிமேல் கிடக்கும்.
கடையின் இலக்கம் பில்லில் இருந்தது.
முதலில் அதற்கு அடித்தேன்.